முதல் ஊசிக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

நடுவர் அவர்களே, வணக்கம். நினைவிழந்து கிடப்பவரை ஒப்புதல் வாங்காமல் மருத்துவ ஆய்வில் சேர்க்கலாமா என்பது இன்றைய தலைப்பு.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அரங்கத்தையே கலங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘நினைவிழந்து கிடப்பவரின் உடம்பு யாருடைய ஆய்வுக்கூடமும் இல்லை’ என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன்.

தானாக முன்வந்து தரும் ஒப்புதல் கட்டாயம் என்று மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்காக 1947-இல் வந்த நூரம்பெர்க் நெறிகள் முதல் விதியிலேயே சொன்னதை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் கண்ட கறுப்பின ஆண்களிடம் உண்மையை மறைத்து, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கதையையும் சொன்னார். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்கள் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்கள். கேட்காமல் ஏமாற்றினார்களே, அதுதான் குற்றம். நம் தலைப்போ கேட்டாலும் பதில் சொல்ல முடியாதவர்களைப் பற்றியது. அவர்களை முன் ஒப்புதல் இல்லாமல் ஆய்வில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்பது எங்கள் அணி.

நினைவில்லாதவருக்கு ஒப்புதல் வாங்காமல் சிகிச்சை தரலாமா என்று கேட்டால், ‘தாராளமாக’ என்கிறது எதிரணி. ஆய்வு மட்டும் கூடாதாம். சரி, அந்தச் சிகிச்சை உயிரைக் காப்பாற்றுகிறதா, பறிக்கிறதா என்று சோதித்துப் பார்த்தது யார்?

தலையில் பலத்த அடிபட்டு வருகிறவர்களுக்கு ஸ்டீராய்டு போடும் வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. மூளை வீக்கம் வடியும் என்று நம்பினார்கள். நல்ல எண்ணம்தான். பிறகு ‘கிராஷ்’ என்றொரு ஆய்வு வந்தது. 10,008 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மற்றதற்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்தார்கள். 2004-இல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். நூற்றுக்கு மூன்று பேர் கூடுதல், நடுவர் அவர்களே! அதற்கு முன் அத்தனை ஆண்டுகள் மயங்கிக் கிடந்தவர்களுக்குப் போட்ட ஊசிகளும் சோதனைதான். ஒப்புதலும் இல்லை, கணக்கும் இல்லை. கணக்கு எழுதத் தொடங்கியவுடன் எதிரணிக்கு நெறிமுறை ஞாபகம் வருகிறது.

‘உறவினரைக் கேட்கலாமே’ என்றார்கள். கேட்கலாம். ஆனால் அதே கிராஷ் ஆய்வில் சில மருத்துவமனைகள் உறவினரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தன, சில காத்திருக்கவில்லை. காத்திருந்த இடங்களில் மருந்து போய்ச்சேரச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானதாகப் பின்னர் கணக்கிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? இதே குழுவின் அடுத்த ஆய்வில், விபத்தில் ரத்தம் கொட்டுகிறவர்களுக்கு ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைந்தது. அதைத் தாண்டிப் போட்டபோது கூடியது! மகன் விபத்தில் சிக்கிய செய்தி கேட்டு ஓடி வந்த தாயிடம் பல பக்கப் படிவத்தை நீட்டி வாங்கும் கையெழுத்து யாரைப் பாதுகாக்கிறது? என்னைக் கேட்டால், மருத்துவமனையின் கோப்பைத்தான்.

அதற்காக வாசலைத் திறந்து போட்டுவிடச் சொல்கிறோமா? இல்லை. அமெரிக்காவில் 1996 முதல், அவசர ஆய்வுக்கு ஒப்புதலிலிருந்து விலக்கு தர விதி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நிலையாக இருக்க வேண்டும். இப்போதுள்ள சிகிச்சை திருப்தி தராததாகவோ நிரூபிக்கப்படாததாகவோ இருக்க வேண்டும். ஆய்வால் அந்த நோயாளிக்கே நன்மை வர வாய்ப்பு வேண்டும். ஆய்வு நடக்கும் பகுதி மக்களிடம் முன்கூட்டியே பேச வேண்டும். முடிந்தவரை சீக்கிரமாக நோயாளிக்கோ குடும்பத்துக்கோ சொல்லிவிட வேண்டும்.

எதிரணி பாலிஹீம் விவகாரத்தை எடுக்கும் என்று தெரியும், நானே எடுத்துவிடுகிறேன். அது ரத்தத்துக்கு மாற்றாகச் செய்த திரவம். ஆம்புலன்ஸில் ரத்தம் கிடையாது. அங்கே அதைக் கொடுத்துப் பார்த்ததில் நியாயம் இருந்தது. மருத்துவமனைக்குள் வந்த பிறகும், பக்கத்திலேயே ரத்தம் இருந்தும், 12 மணி நேரம் வரை அதையே தொடர்ந்தார்கள். அது அநியாயம். எங்கள் அணியின் அளவுகோலை வைத்தே சொல்கிறேன்: நல்ல சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இந்த விலக்குக்கு இடமே இல்லை. அதைக் காட்டி எல்லா ஆய்வையும் மூடச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம், இதயம் நின்றுபோனவர்களின் விஷயம். அவர்களுக்கு, இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் ஊசி போடுவது பல பத்தாண்டுப் பழக்கம். பிரிட்டனில் 8,014 பேரிடம் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அட்ரினலின், மீதிப் பேருக்கு உப்புநீர். ஆய்வே வேண்டாம் என்பவர்கள் கைவளையம் அணிந்து விலகிக்கொள்ள வழி வைத்தார்கள். (எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.) பிழைத்தவர்களுக்குப் பிறகு விவரம் சொல்லி, தொடர விருப்பமா என்று கேட்டார்கள். 2018-இல் வெளியான முடிவைப் பாருங்கள்: 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அட்ரினலின் பிரிவில் 3.2 சதவீதம், உப்புநீர்ப் பிரிவில் 2.4. ஆனால் பிழைத்து மருத்துவமனையை விட்டுப் போனவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பிரிவில் 31 சதவீதம், மற்றதில் 17.8.

உயிர் முக்கியமா, எப்படிப்பட்ட உயிர் என்பது முக்கியமா? எனக்கு அது நேர்ந்தால் என்ன வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேச இன்று என் கையில் எண்கள் இருக்கின்றன. நண்பர் உயர்த்திப் பிடிக்கும் ‘தெரிந்து தரும் ஒப்புதல்’ இருக்கிறதே, அதில் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறது என்றால், ஒப்புதல் தராத அந்த 8,014 பேரால்தான்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். இதயம் நின்று, ஆம்புலன்ஸ்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்களில் ஒரே ஒருவரிடமாவது எப்படி ஒப்புதல் வாங்குவார் என்று முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பேசட்டும்.