ஓடிப்போனவர் என்று சொல்லி வைத்திருந்தார்கள்

வணக்கம் மக்களே. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்போது நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் இதைவிட அமைதியான இடம் குளியலறை மட்டும்தான்.

இன்றைக்கு ‘மிஸ் மார்வல்’. 2022 ஜூனில் டிஸ்னி பிளஸில் வந்த தொடர், மொத்தமே 6 பாகம். பாட்டியோடு உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறேன். கதை முன்கூட்டியே தெரிந்தால் கோபப்படுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கமலா கான், ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானிய வீட்டுப் பெண். கொள்ளுப்பாட்டி ஆயிஷாவின் வளையலைப் போட்டதும் கையிலிருந்து ஒளி வருகிறது. அதை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறாள். வீடு அவளிடம் மறைப்பதோ அதைவிடப் பெரிது. ஆயிஷா பேச்சை எடுத்தாலே அம்மாவின் முகம் மாறிவிடும். குடும்ப மானத்தை வாங்கியவளாம்.

அரசாங்க ஆட்கள் பள்ளிவாசலுக்குள் புகுந்து துருவுகிற காட்சி எனக்குச் சுருக்கென்றது. தோட்டத்துப் பையன் என்று தெரிந்ததும் பையைத் திறந்து காட்டச் சொன்னவர்கள் எனக்கும் உண்டு. அதே பள்ளிவாசலில் தோழி நக்கியாவின் காலணி காணாமல் போகிறது பாருங்கள், அது நம் கோவில் வாசலேதான்!

வில்லி நஜ்மா திருந்துவது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. 1947-ல் ஆயிஷாவைக் குத்தியவர், பெற்ற மகனையே விட்டுவிட்டுப் போனவர், மகன் பெயரைக் கேட்டதும் மனம் மாறி உயிரைக் கொடுக்கிறார். 2 நிமிடம்கூட ஆகவில்லை. நம் பழைய படங்களில் கடைசி ரீலில் திருந்துவார்களே, அந்த வகை.

ஆனால் அந்த 5-ஆம் பாகம்! வளையல் கமலாவை 1947 பிரிவினை நேரத்துக்கே கொண்டுபோகிறது. கராச்சிக்குக் கடைசி ரயில், கூட்டத்தில் தொலைந்த குழந்தை, அதுதான் பின்னாளில் கமலாவின் பாட்டி. ஒளியால் படிக்கல் போட்டு அதை அப்பாவிடம் சேர்க்கிறாள் கமலா. பாட்டி ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டார்.

“எங்கப்பா ஓடிப்போகலடா. சயாமுக்கு லோரில ஏத்திட்டுப் போனாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சயாம் மரண ரயில் பாதை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்டது, 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது, அதற்கு நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனான், எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் பாட்டியின் அப்பா, பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவர் என்றுதானே எங்கள் வீட்டில் கதை?

போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லையாம். சில வருடம் கழித்துப் பாட்டியின் அம்மா, பக்கத்து லயத்துக்காரர், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவரோடு குடும்பம் நடத்தினார். புருஷன் திரும்புவதற்குள் அவசரப்பட்டாள் என்று யாரும் அவரைப் பேசக்கூடாதே! அதற்காக, புருஷன்தான் ஓடிவிட்டார் என்று கட்டிவிட்டிருக்கிறார்கள். அம்மாவைக் காப்பாற்ற அப்பாவைக் கெட்டவராக்கியதைப் பாட்டி 70 வருடத்துக்குமேல் வாயைத் திறக்காமல் வைத்திருந்தார்.

சித்தப்பாவிடம் சொன்னேன். “இப்ப எதுக்குடா கிளறுற?” என்றார்.

சரி மக்களே, பாட்டி கூப்பிடுகிறார். அந்தக் குழந்தை அப்பாவிடம் போய்ச் சேருகிற இடத்தை இன்னொரு தடவை போட வேண்டுமாம்.