ப்ரூக்லாடி: ஏழு வருஷம் பூட்டிக் கெடந்த கேட்டு

நேயர்களுக்கு வணக்கம். விஸ்கியப் பத்திப் பேசப்போறேன், ஆனா நான் குடிக்கறவன் இல்ல. வீட்ல ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருக்காங்க, அதனால இத ரெண்டு தடவ சொல்றேன், குடிக்கறவன் இல்ல. நான் மெஷின் ஆளுங்க, முப்பத்திரெண்டு வருஷம் மில்லுல மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மில்லு மூடுனப்ப நான் கையால கிரீஸ் போட்ட மெஷினெல்லாம் காயலாங்கடை லாரியில எடைக்குப் போனதப் பாத்தவன். அதுலேர்ந்து எங்கயாவது மூடுன ஃபேக்டரி திரும்பத் தொறந்துச்சுன்னா எப்படித் தொறந்தாங்கன்னு தேடித் தேடிப் படிக்கறது ஒரு பைத்தியமாவே ஆயிடுச்சு.

ஸ்காட்லாந்துக்கு மேற்கால ஐலான்னு ஒரு தீவு. ஜனத்தொகை மூவாயிரத்துச் சொச்சம், அதுக்குள்ள ஏகப்பட்ட டிஸ்டில்லரி, அதாவது விஸ்கி காய்ச்சற ஆலை. லாக் இண்டால்னு கடல் தீவுக்குள்ள புகுந்து நிக்கற எடம் ஒண்ணு இருக்கு, அது கரையிலயே 1881ல ஹார்வி சகோதரர்கள் கட்டுனதுதான் ப்ரூக்லாடி. கடற்கரைக் கூழாங்கல்லையே அள்ளிப் போட்டு கான்க்ரீட் கலந்து கட்டிருக்காங்க, அந்தக் காலத்துக்கு அது புதுசு. நூறு வருஷத்துக்கு மேல ஓடி, 1994ல அப்போதைய மொதலாளி கம்பெனி 'இது எங்களுக்குத் தேவைக்கு மேல'ன்னு சொல்லிப் பூட்டிட்டாங்க. தேவைக்கு மேல. அந்த வார்த்தைய நானும் என் காதால கேட்டிருக்கேன்.

மார்க் ரெய்னியர்னு லண்டன் ஒயின் வியாபாரி ஒருத்தர், அந்த ஆலை மேல அவருக்கு ஒரு கண்ணு, வருஷக்கணக்கா குடு குடுன்னு கேட்டுட்டே இருந்து கடைசியா 2000 டிசம்பர்ல ஆள் சேத்து வாங்கிட்டாரு. கடலுக்கு எதிர்க்கரையில போமோர்னு இன்னொரு டிஸ்டில்லரி, அங்க 1963லேர்ந்து பீப்பா செய்யற வேலையில ஆரம்பிச்சு மேல வந்த ஜிம் மெக்கீவன், ஐலாக்காரரு, அவரையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. 2001ல அடுப்பு திரும்பப் பத்துச்சு.

இப்ப எனக்குப் புடிச்ச எடத்துக்கு வரேன். வேற யாரா இருந்தாலும் பழசத் தூக்கிக் காயலாங்கடைக்குப் போட்டுட்டு கம்ப்யூட்டர் வச்சு பட்டனத் தட்டுனா ஓடற மாதிரி பண்ணிருப்பாங்க. இவங்க பண்ணல. பார்லி நொறுக்கற மில்லு பெல்ட்டுல ஓடறது, அது அப்படியே. நொறுக்குன பார்லியில சுடுதண்ணி ஊத்திக் கிண்டற தொட்டி, மூடியே கெடையாது, வார்ப்பிரும்பு, 1881ல வச்சது, உள்ள சீப்பு மாதிரி கை சுத்திச் சுத்திக் கிண்டும், அதுவும் அப்படியே. ஊறல் போடறது மரத்தொட்டியில. நம்மூர்ல ஊறல்னா போலீஸ் வரும், அங்க டூரிஸ்ட் வர்றாங்க! எவ்வளவு இருக்குன்னு பாக்க ஒரு அளவு குச்சி, அவ்வளவுதான். முன்ன அங்கயே வேல பாத்த டங்கன் மெக்கில்லிவ்ரேங்கற ஆளு திரும்ப வந்து ஒவ்வொண்ணா ரிப்பேர் பாத்திருக்காரு. அந்த ஆளத்தாங்க நான் பாக்கணும். ரிப்பேர்ங்கறது மேனுவல்ல இருக்காது, எந்த போல்ட்ட எவ்வளவு முறுக்கணும்ங்கறது கைக்குத்தான் தெரியும், நான் மறுபடியும் சொல்றேன், கைக்குத்தான் தெரியும்.

இந்தக் குச்சி வச்சு அளக்கற எடத்துல நடந்த கூத்தக் கேளுங்க. ஜனங்க வீட்லேர்ந்தே பாக்கட்டும்னு உள்ள வெப் கேமரா வச்சிருந்தாங்க. 2003, ஈராக்ல ஆயுதம் எங்க எங்கன்னு உலகமே தேடிட்டு இருந்த வருஷம். அப்ப அமெரிக்காவுலேர்ந்து ஒரு ஈமெயில் வருது, 'உங்க கேமரா ஒண்ணு வேல செய்யல'ன்னு. அனுப்புனது யாருன்னு பாத்தா டிஃபென்ஸ் த்ரெட் ரிடக்‌ஷன் ஏஜென்சி, பேரழிவு ஆயுதம் யாரு செய்யறான்னு கண்காணிக்கற அரசாங்க ஆபீஸ்! சாராயம் காய்ச்சற குழாயும் அண்டாவும் கொஞ்சம் மாத்துனா ரசாயன ஆயுதம் செய்யற எடம் மாதிரியே இருக்குமாம், அதனால பாத்துட்டு இருந்திருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, இந்தப் பக்கம் ஒருத்தரு தொட்டிக்குள்ள குச்சிய விட்டு அளந்துட்டு இருக்காரு, அந்தப் பக்கம் அத ஒரு ஆபீசரு சம்பளம் வாங்கிட்டு உத்துப் பாத்துட்டு இருக்காரு. இவங்க சும்மா விடுவாங்களா, அந்த ஆயுதத்துக்கு டபிள்யூஎம்டின்னு சொல்வாங்கல்ல, அதே மூணெழுத்து வர்ற மாதிரி ஒரு விஸ்கிக்குப் பேரு வச்சு வித்துட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தத் தீவு மீனவர் ஒருத்தருக்குக் கடல்ல மஞ்சக் கலர்ல ஆளில்லா நீர்மூழ்கி ஒண்ணு கெடச்சுது, பிரிட்டிஷ் கடற்படையோடது, அவங்க மொதல்ல எங்களுது இல்லன்னுட்டாங்க, டிஸ்டில்லரிக்காரங்க அதுக்கும் ஒரு பாட்டில் போட்டாங்க. குசும்பு.

ஆனா சிரிப்பு மட்டும் இல்லங்க. இன்னிக்குக் காய்ச்சுனத நாளைக்கு விக்க முடியாது, ஓக் மரப் பீப்பாயில மூணு வருஷமாவது கெடக்கணும், அப்பத்தான் சட்டப்படி அது ஸ்காட்ச். நல்லா வரணும்னா பத்து வருஷம். அது வரைக்கும் சம்பளம்? பழைய ஆளுங்க பீப்பாயில விட்டுட்டுப் போன சரக்க வித்து வித்துத்தான் ஓட்டிருக்காங்க. அவங்களே காய்ச்சுன பத்து வருஷச் சரக்கு வந்தது 2011லதான்.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒத்த விரலக் காட்டறாரு. தீவு விவசாயிங்ககிட்டயே பார்லி வெளைய வச்சு வாங்குன கதை பெரிசா வச்சிருந்தேன், போச்சு. 2012ல ரெமி குவாந்த்ரோன்னு ஃபிரெஞ்சு கம்பெனி 58 மில்லியன் பவுண்டு குடுத்து வாங்கிடுச்சு, அதுல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏன்னு சொல்ல நேரமில்ல. எங்கயோ இடிக்கப்போன ஆலையிலேர்ந்து ஒரு அண்டாவப் படகுல கொண்டுவந்து அதுல ஜின் காய்ச்சறாங்க, அதுக்கு அக்லி பெட்டின்னு பேரு, அதும் சொல்ல முடியல. அந்த 1881 தொட்டிய மட்டும் யாரும் மாத்தல, இன்னும் கிண்டிட்டு இருக்கு. சரி தம்பி, முடிச்சுட்டேன். வணக்கம்.