லோன் சார்ஜ்: பழைய வருடத்துக்கு இன்று வரி கேட்டால் எம்பியிடம் எதைக் கொண்டுபோவது?

அடுத்த கேள்வி, இங்கே இங்கிலாந்தில் ரெடிங்கிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. வாசிக்கிறேன். "அண்ணா, என் கணவர் 2012லிருந்து 2016 வரை ஐடி கான்ட்ராக்டராக இருந்தார். ஏஜென்சி கைகாட்டிய அம்பிரல்லா கம்பெனி, அதாவது கான்ட்ராக்டருக்குச் சம்பளம் போடும் இடைக் கம்பெனி, வழியாகத்தான் சம்பளம் வந்தது. இப்போது லோன் சார்ஜ் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். இது முன்தேதியிட்ட வரி, எம்பிக்கு எழுதுங்கள் என்றால், வரி கட்டாமல் தப்பித்தவன் என்றுதானே நினைப்பார்கள் என்று கூச்சப்படுகிறார். எழுதிப் பயன் உண்டா?"

உண்டு. சம்பளத்தின் ஒரு பகுதியைக் 'கடன்' என்ற பெயரில் வாங்கியவர்களிடம் வரித்துறை பின்னால் கேட்கும் வரிதான் லோன் சார்ஜ். முதலில் அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் கடிதம் போகாமல் நிற்பதே அதனால்தான்.

அந்தக் காலத்துப் பேஸ்லிப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளில் குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய சம்பளம் இருக்கும். அதில் வரி, நேஷனல் இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்காகப் பிடித்திருக்கும். அதோடு இன்னொரு தாள் வரும். சம்பளத்தைவிடப் பெரிய தொகை, மேலே 'கடன்' என்று எழுதியிருக்கும். கடனுக்கு வருமான வரி கிடையாது என்பதுதான் திட்டத்தின் சூட்சுமம். அந்தக் கடனைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். நடுவில் திட்டத்தை விற்ற கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டது.

இது நல்ல ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. இதை மூடியது சரி. 2010 டிசம்பர் 9 அன்று அரசு இதற்கான சட்ட வரைவை வெளியிட்டது, 2011இல் அது சட்டமானது. அதற்குப் பிறகும் திட்டங்கள் விற்கப்பட்டன. வரித்துறை அப்போதே ஒவ்வொருவர் கணக்கையும் திறந்து கேள்வி கேட்டிருந்தால் இன்று இவ்வளவு பேச்சு இருக்காது.

நடந்தது வேறு. 2016 பட்ஜெட்டில் அப்போதைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் லோன் சார்ஜை அறிவித்தார், 2017இல் சட்டம் வந்தது. 1999 ஏப்ரல் 6 முதல் வாங்கி, இன்னும் திருப்பிக் கொடுக்காமல் இருக்கும் கடன் எல்லாமே 2019 ஏப்ரல் 5 அன்று சம்பாதித்த வருமானம் என்று அது சொன்னது. இருபது வருடக் கடனும் ஒரே நாளில் வருமானமாகிவிட்டது!

இது முன்தேதியிட்ட வரி அல்ல, 2019இல் நிலுவையில் உள்ள தொகைக்குப் போடும் புதிய வரி என்பது அரசின் வாதம். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் அது சரிதான். ஆனால் வரிக் கணக்கு கொடுத்தவருக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. கணக்கைக் கொடுத்த 12 மாதத்துக்குள் அதிகாரி விசாரணையைத் தொடங்க வேண்டும். பிறகு புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் சாதாரணமாக 4 வருடம், கவனக்குறைவு என்றால் 6 வருடம், வேண்டுமென்றே மறைத்திருந்தால் 20 வருடம் வரை போகலாம். அந்தக் கெடு முடிந்த வருடம் முடிந்ததுதான். அதை நம்பித்தான் ஒருவர் வீடு வாங்குகிறார், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் ஒதுக்குகிறார். லோன் சார்ஜ் அந்தக் கெடுவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. என் எதிர்ப்பு முழுக்க இந்த இடத்தில்தான். உங்கள் கணவரும் எம்பியிடம் இதைத்தான் பேச வேண்டும். திட்டத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

தொகை ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்றும் பார்த்துவிடலாம். வருடம் 25,000 பவுண்டு வீதம் 4 வருடம் கடன் என்று வையுங்கள், மொத்தம் ஒரு லட்சம். 2018-19இல் அவருடைய சம்பளம் 60,000. இரண்டையும் ஒரே வருடத்தில் கூட்டினால் 1,60,000. ஒரு லட்சத்தைத் தாண்டத் தாண்ட வரியில்லா வரம்பு தேய்ந்து, இந்தத் தொகைக்கு அது முழுசாகப் போய்விடும். அந்த வருடம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் 45 சதவீதம். அந்தந்த வருடத்திலேயே பிடித்திருந்தால் பெரும்பாலும் 20, 40 சதவீதத்தோடு முடிந்திருக்கும்.

சரி, எழுதிப் பயன் உண்டா என்று கேட்டீர்கள். 2019 ஜனவரியில் லிபரல் டெமாக்ரட் எம்பி எட் டேவி நிதி மசோதாவில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். லோன் சார்ஜ் பற்றி அரசு ஓர் அறிக்கை தர வேண்டும் என்பது அது. வாக்கெடுப்புக்கே போகாமல் அரசு ஏற்றுக்கொண்டது. பல கட்சி எம்பிக்களிடமும் அவரவர் தொகுதி மக்கள் வந்து பேசியிருந்ததுதான் அதற்குப் பலம். அந்த செப்டம்பரில், அரசுக் கணக்குத் தணிக்கைத் தலைவராக இருந்த சர் ஏமியஸ் மோர்ஸிடம் மறுஆய்வு போனது, டிசம்பரில் அறிக்கை வந்தது. 2010 டிசம்பர் 9க்கு முந்தைய கடன்கள் விலக்கப்பட்டன. மிச்சத்தை மூன்று வருடத்துக்குப் பிரித்துக் காட்டவும் வழி வந்தது. 2025இல் வரி நிபுணர் ரே மெக்கான் இன்னொரு மறுஆய்வு செய்தார். அந்த நவம்பர் பட்ஜெட்டோடு, வரித்துறையோடு இன்னும் சமரசம் செய்யாதவர்களுக்குப் புதிய வழி அறிவிக்கப்பட்டது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2008இல் இங்கே ஒரு வரிச் சட்டம் 1987 வரை பின்னோக்கிப் போனது. பாதிக்கப்பட்ட ஹூட்சன் என்பவர் வழக்குப் போட்டார், 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். நம் ஊரில் வோடஃபோன் மேல் 2012இல் போட்ட முன்தேதியிட்ட வரி உங்களுக்கு நினைவிருக்கும். 2021இல் இந்தியா அதைக் கைவிட்டது. ஆனால் வோடஃபோன் போன்ற கம்பெனிகளுக்கு நாடுகளுக்கிடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பு இருந்தது, சர்வதேச நடுவர் மன்றத்தில் போய் ஜெயித்தார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அந்தக் கதவு கிடையாது. அவருக்குக் கிட்டத்தில் இருப்பது எம்பியின் கதவு.

அதனால் அச்சடித்த மாதிரிக் கடிதத்தை அனுப்பாதீர்கள், அலுவலகத்தில் கட்டாகச் சேர்ந்து கிடக்கும். ஒரே பக்கத்தில் சொந்தமாக எழுதுங்கள். மேலே வீட்டு முகவரியும் போஸ்ட்கோடும் கட்டாயம் வேண்டும், தன் தொகுதிக்காரர் என்றால்தான் எம்பி கையில் எடுப்பார். கீழே வருடவாரியாகச் சின்ன அட்டவணை: கடன் எவ்வளவு, கணக்கு எந்தத் தேதியில் கொடுத்தது, அதில் அந்தக் கடனைப் பற்றி என்ன எழுதியிருந்தது, வரித்துறை எப்போது விசாரணை தொடங்கியது. தொடங்கவே இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். கடைசியில் கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: இதை நிதியமைச்சகத்துக்கு அனுப்பி எழுத்தில் பதில் வாங்கித் தர முடியுமா? எம்பி மக்களைச் சந்திக்கும் நாளில் நேரம் வாங்கி, இருவருமாகப் போங்கள். வரும் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

அதே சமயம் வரித்துறைக் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். எம்பிக்கு எழுதியதால் கெடு நிற்காது, வட்டியும் நிற்காது. தவணை கேட்க வழி இருக்கிறது.

இன்னொன்று. லோன் சார்ஜை எதிர்கொண்டிருந்த 10 பேர் தற்கொலை செய்துகொண்டதை வரித்துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் கணவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பாருங்கம்மா. மனம் உடைந்தவர்களுக்குக் காது கொடுக்கும் அமைப்பான சமாரிட்டன்ஸ் எண் 116 123, எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், அந்த அட்டவணையில் 2016 ஏப்ரலுக்கு முந்தைய வருடங்களைத் தனியாகப் பாருங்கள். கணக்கில் கடனைப் பற்றிப் போதிய விவரம் கொடுத்திருந்து, வரித்துறை அப்போது எதுவும் செய்யாமல் விட்டிருந்தால், அந்த வருடம் லோன் சார்ஜிலிருந்து விலகக்கூடும். மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு வந்த சலுகை இது. போதிய விவரம் எது என்பதில்தான் தகராறு வரும், அதனால் எம்பியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு வரி ஆலோசகரிடம் அந்தப் பழைய படிவங்களைக் காட்டிவிடுங்கள். பரணில் எங்கேயாவது பெட்டியில் இருக்கும். இந்த வாரக் கடைசியில் இறக்கிப் பாருங்கள்.