காப்பி, கஞ்சி, நாற்பதாம் நாள் சாப்பாடு

அஸ்ஸலாமு அலைக்கும். நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பு.

பித்அத், அதாவது மார்க்கத்தில் புதிதாக நுழைத்தது, அதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் கூப்பிட்டபோதே தெரியும், எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கம் கோபம் வரும் என்று. வரட்டும், பரவாயில்லை. தர்காவில் கந்தூரி விழா கூடுமா, நபிகளைப் புகழ்ந்து பாடும் மவ்லிது ஓதலாமா, நோன்புக் கஞ்சி நபிகள் காலத்தில் இருந்ததா, கல்யாணத்தில் கருகமணி கட்டலாமா என்று எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறோம். அதில்தான் பாதிச் சண்டை.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதாக அவர்கள் மனைவி ஆயிஷா நாயகி அறிவிக்கும் ஹதீஸ், நபிமொழித் தொகுப்புகளான புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது: நம்முடைய இந்த மார்க்க விஷயத்தில், அதில் இல்லாத ஒன்றை யார் புதிதாக உண்டாக்கினாலும் அது தள்ளப்படும். "மார்க்க விஷயத்தில்" என்று அந்த ஹதீஸே எல்லையைப் போட்டுவிடுகிறது, கவனியுங்கள். மதீனாவில் பேரீச்சை மரத்துக்கு மகரந்தம் சேர்க்கும் பேச்சு வந்தபோது, உங்கள் உலகக் காரியம் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று விவசாயிகளிடமே விட்டுவிட்டார்கள். இதையெல்லாம் வைத்துத்தான் ஃபிக்ஹு ஆலிம்கள், அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்கள், ஒரு வழி சொன்னார்கள். வணக்கம் என்று ஒன்றைச் செய்ய வேண்டுமானால் செய்கிறவன் ஆதாரம் காட்ட வேண்டும், ஊர் வழக்கம் ஒன்றைத் தடுக்க வேண்டுமானால் தடுக்கிறவன் ஆதாரம் காட்ட வேண்டும்.

ஒரு விருந்தில் உடும்பு மாதிரியான ஒரு பாலைவனப் பிராணியைச் சுட்டு வைத்திருந்தார்கள். நபிகள் நாயகம் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த தோழர் காலித் பின் வலீத், இது ஹராமா, மார்க்கம் தடுத்ததா என்று கேட்டார். இல்லை, என் சமூகத்தார் ஊரில் இது கிடையாது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றார்கள். காலித் அதைத் தன் பக்கம் இழுத்து அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட்டார். தனக்குப் பழக்கமில்லாததை மார்க்கத்தில் இல்லாதது என்று அவர்கள் சொல்லவில்லை, பாருங்கள்.

நபிகளுக்குப் பின் அவர்கள் தோழர்கள், மார்க்க விஷயத்திலும்கூட புதிது என்றாலே உதறித் தள்ளிவிடவில்லை, அதே சமயம் லேசாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் உயிர் துறந்து ஷஹீதானதும், குர்ஆனை ஒன்றாகத் தொகுக்க வேண்டும் என்று உமர், கலீஃபா அபூபக்கரிடம் போய் நின்றார். அபூபக்கர் கேட்டது, நபிகள் செய்யாத ஒன்றை நான் எப்படிச் செய்வது? பிறகு அவர் மனம் ஒப்பி ஸைத் பின் ஸாபித்தைக் கூப்பிட்டால், அவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். ஒரு மலையை நகர்த்தச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று ஸைத் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அந்தத் தயக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு இரண்டு தரப்பிலும் அது காணோம்.

அப்புறம் தராவீஹ், ரமலான் இரவுத் தொழுகை. பள்ளியில் ஆளுக்கொரு மூலையில் தொழுதுகொண்டிருந்தவர்களை உபை பின் கஅப் பின்னால் ஒரே ஜமாஅத்தாக நிற்க வைத்துவிட்டு, இது நல்ல பித்அத் என்றார் உமர். இந்த ஒரு வார்த்தையை வைத்து நூற்றாண்டுக் கணக்கில் விவாதம். 13ஆம் நூற்றாண்டில் இமாம் இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ்ஸலாம், கடமையானதிலிருந்து ஹராமானது வரை பித்அத்தை ஐந்தாகப் பிரித்தார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயின் பக்கத்து கிரனாடாவின் அறிஞர் ஷாத்திபி, அப்படிப் பிரிக்கவே கூடாது என்றார். நபிகளே சில இரவுகள் ஜமாஅத்தாகத் தொழ வைத்ததுதானே, அதை மார்க்கத்தில் புதிது என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். எனக்கு ஷாத்திபி பக்கம்தான் சாய்வு. ஆனால் குர்ஆனைத் தொகுத்தது சரி என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

சரி, காப்பிக்கு வருகிறேன். யமனில் சூஃபிகள் இரவு திக்ருக்கு, இறை தியானத்துக்கு, கண் விழிக்கக் குடித்த பானம் அது. 1511இல் மக்காவில் எகிப்தை ஆண்ட மம்லூக் அரசின் அதிகாரி கைர் பேக், ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டி வைத்துக் காப்பி கூடாது என்று தீர்ப்பு வாங்கி, காப்பிக் கொட்டையைத் தெருவில் போட்டு எரிக்க வைத்தார். கெய்ரோவிலிருந்த சுல்தான் அரசு அந்தத் தடையை அப்படியே ஏற்கவில்லை, கொஞ்ச காலத்தில் தடை காற்றோடு போயிற்று. இன்று அரபு நாட்டில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நீட்டுவது காப்பிதான்! கூட்டம் கூடிப் பேசும் இடங்களைப் பார்த்து அதிகாரிக்கு வந்த பயம், மார்க்கத் தீர்ப்பாக வேஷம் கட்டிக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக் கஞ்சியும் இந்த வகைதான். நோன்பு நாளில் அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்கு அப்புறம் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைகளில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. கஞ்சி குடித்தால்தான் நோன்பு கூடும் என்று யாரும் சொல்வதில்லை, பிறகு ஏன் அதன்மேல் பாய வேண்டும்? கீழக்கரைப் பழைய பள்ளியின் கல்தூண்கள் கோயில் மண்டபத் தூண் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களுக்கும் இதே பதில்தான். கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்த வேலை அது.

நான் குரலை உயர்த்த விரும்புவது வேறு இடத்தில். ஒரு வீட்டில் குடும்பத் தலைவர் மவுத்தாகிவிட்டார், இறந்துவிட்டார். இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹா, ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று வரிசையாக வருகிறது. நாற்பதுக்கு ஊரைக் கூப்பிட்டு நெய்ச்சோறு ஆக்க வேண்டும். கறி எத்தனை கிலோ, சமைக்கும் பண்டாரி யார் என்று, அழுகை நிற்காத வீட்டில் கணக்குப் போடுகிறார்கள். பணம் இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போகிறது. வேண்டாம் என்று கணவனை இழந்த அந்தப் பெண் சொன்னால், புருஷனுக்கு ஒரு பாத்திஹாகூட ஓதவில்லை என்று பேச்சு.

மூத்தா போரில் தோழர் ஜஅஃபர் ஷஹீதான செய்தி வந்தபோது நபிகள் நாயகம் சொன்னது என்ன? ஜஅஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள், அவர்களுக்குத் துயரச் செய்தி வந்திருக்கிறது. ஊர் அந்த வீட்டுக்குச் சோறு போட வேண்டும், நாம் அந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

இதில் சொத்துப் பிரச்சினையும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. இறந்தவர் விட்டுப்போன பணத்தில் முதலில் கஃபன் துணி, அடக்கச் செலவு, அப்புறம் கடன், அப்புறம் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத் எனும் உயில், மிச்சம் வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. இந்த வரிசையில் நாற்பதாம் நாள் விருந்து எங்கே வருகிறது? வாரிசில் பருவமடையாத பிள்ளை இருந்தால், அதன் பங்கிலிருந்து செலவழிக்க அந்தப் பிள்ளையே சரி என்றாலும் செல்லாது. அநாதைகளின் சொத்தை அநியாயமாகச் சாப்பிடுகிறவர்கள் வயிற்றில் நெருப்பைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 10ஆவது வசனம் சொல்கிறது. மணப்பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை, கைக்கூலி என்று வரதட்சணை வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் வரும், அதற்குத் தனியாக இன்னொரு உரை வேண்டும்.

மவ்லிது பற்றிச் சொல்லாமல் விட்டால் நழுவிவிட்டார் என்பீர்கள். இராக் பக்கத்து இர்பில் மன்னர் முழஃப்பருத்தீன் அதைப் பெரிய விழாவாக நடத்தியது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஃபாக்கிஹானி என்ற ஆலிம் கூடாது என்று எழுதினார், பின்னால் வந்த ஆலிம் ஸுயூத்தி அதற்கு மறுப்பு எழுதி நல்லது என்றார். நான் ஓதுவதில்லை. என் தம்பி வீட்டில் ரபீவுல் அவ்வல் மாதத்தில் சுபுஹான மவ்லிது ஓதுவார்கள். கூப்பிட்டால் போய் உட்கார்ந்து நபிகள்மேல் ஸலவாத்துச் சொல்லிவிட்டு, சஹன் எனும் பெரிய தட்டில் எல்லோரோடும் கை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதை ஓதாதவன் முஸ்லிமே இல்லை என்று என் தம்பி சொல்லும் நாளில்தான் எங்களுக்குள் சண்டை வரும், இதுவரை அவன் சொன்னதில்லை.