கைரேகையா, கர்வமா?

(திருநகரில் நவராத்திரி விழாவையொட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'வீடியோ கேம் செய்தவரே அந்த கேமுக்குள் பாத்திரமாக வருவது கைரேகையா, கர்வமா?' கைரேகையே, அதாவது செய்தவர் விட்டுச்சென்ற தடமே, என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியின் அக்கா, அண்ணன்மாரே, சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியவர்களே, வணக்கம். தாராளமாகப் பிரியுங்கள். நான் சொல்லப்போவதும் சுண்டலில்தான் தொடங்குகிறது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரே கேள்வியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "சுண்டல் செய்கிறவள் சுண்டலுக்குள்ளேயே போய் உட்காருவாளா? அப்புறம் கேம் செய்கிறவனுக்கு மட்டும் கேமுக்குள் என்ன வேலை?" என்று கேட்டார். நானும் கைதட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, இன்றைய சுண்டலில் உப்பு ஒரு கல் கூடுதல். அதைச் செய்தது எந்த வீட்டம்மா என்று இந்த மண்டபத்தில் தெரியாதவர் உண்டா? பெயர் சொல்ல மாட்டேன், எனக்கு நாளைக்கும் சுண்டல் வேண்டும். சுண்டல் செய்தவருக்கு உள்ளே போய் உட்கார வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அவரை எல்லாருக்கும் தெரியும். கேம் செய்தவனின் கதை அப்படித் தொடங்கவில்லை.

அட்டாரி என்று ஓர் அமெரிக்க கம்பெனி. டிவியில் செருகி ஆடும் கேம்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள். அந்தக் காலத்தில் ஒரு கேமை முழுக்க ஒரே ஆள் செய்வார். படம் அவர், சத்தம் அவர், கம்ப்யூட்டருக்கு எழுதும் 'கோடு' அவர். ஆனால் பெட்டியில் கம்பெனி பெயர் மட்டும் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. இது பொறுக்காமல் 1979இல் நாலு புரோகிராமர்கள் வெளியே போய் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் இருந்தார்கள். அங்கே செய்தவர் பெயரும் உண்டு. இன்னொருவர், வாரன் ராபினெட், வேறு வழி பார்த்தார். 1980இல் வந்த 'அட்வெஞ்சர்' கேமுக்குள் யாருக்கும் சொல்லாமல் ஓர் அறையைக் கட்டினார். அந்த அறைக்குப் போக ஒரு புள்ளியை எடுக்க வேண்டும். ஒரே ஒரு பிக்சல், திரையில் தெரியும் ஆகச் சிறிய புள்ளி. பின்னணியின் நிறமே அதற்கும். கொண்டுபோய்ச் சேர்த்தால் உள்ளே இருப்பது என்ன? தங்கமா, மகுடமா? 'இதைச் செய்தது வாரன் ராபினெட்' என்று ஓர் எழுத்துவரி. அவ்வளவுதான்.

ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோது ராபினெட் அங்கே வேலையிலேயே இல்லை. இதற்குப் பெயர் கர்வமா? கர்வம் பிடித்தவன் வாசலில் பேனர் வைப்பான். அதற்கு நம் மதுரையில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இவர் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"அது பெயர். நாங்கள் கேட்பது முகம், பாத்திரம்" என்று அக்கா தலையாட்டுகிறார். வருகிறேன் அக்கா. அதற்கு முன்னால் விழாக் கமிட்டியிடம் ஓர் அனுமதி. நடுவருக்குப் பின்னால் இருக்கும் கொலுவில், ஐந்தாம் படிச் செட்டியாரைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். பதறாதீர்கள், இரண்டு கையாலும்தான் பிடித்திருக்கிறேன்.

இவர் விளாச்சேரியிலிருந்து வந்தவர். நம் பக்கத்து ஊர். வெளியே பாருங்கள்: தொப்பை, மீசை, முன்னால் பருப்பும் அரிசியும் கொட்டிய கடை. எந்த வீட்டுக் கொலுவிலும் இதே செட்டியார்தான், ஏனென்றால் இது அச்சு. இப்போது திருப்புகிறேன். அடியில் ஓட்டை இருக்கிறது, செல்போன் டார்ச்சை அடிக்கிறேன். நடுவர் அவர்களே, கொஞ்சம் எட்டிப் பாருங்கள். உள்சுவர் முழுக்கக் குழிகுழியாக இருக்கிறதா? களிமண்ணை அச்சுக்குள் வைத்து விரலால் அழுத்திய தடம் அது. இதோ, கழுத்துக்குக் கீழே ஒரு குழியில் ரேகைகூடத் தெரிகிறது. கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும். வெளிமுகம் அச்சினுடையது, உள்முகம் செய்த ஆளுடையது. கடையில் விலை கேட்கும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. செட்டியாரைத் திரும்ப உட்கார வைத்துவிட்டேன், கமிட்டியார் மூச்சு விடலாம்.

இன்னோர் எதிரணி அண்ணன், "மீனாட்சியம்மன் கோயிலில் எந்தச் சிற்பி தன் உருவத்தைச் செதுக்கிக்கொண்டான்? அடக்கம் என்றால் அது!" என்றார். அண்ணே, புதுமண்டபம் வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். தூணில் திருமலை நாயக்கர் தன் அரசியரோடு நிற்கிறார். கட்டச் சொன்னவர் ஆளுயரத்துக்குக் கல்லில் நிற்கிறார், கட்டியவரைக் காணோம். அதை அடக்கம் என்று நாம் சொல்கிறோம். சிற்பியைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பான் என்று யாருக்குத் தெரியும்? உருவாக்கியவன் உள்ளே வருவது நம் மரபில் இல்லாததும் அல்ல. கண்ணகிக்கு நம் ஊரில் நேர்ந்ததைப் பாடிய இளங்கோவடிகள் கடைசிக் காதையில் 'யானும் சென்றேன்' என்று தானே உள்ளே நடந்து வருகிறார்.

சரி, முகத்துக்கு வருகிறேன்.

1994இல் வந்த 'டூம் 2'. கடைசி லெவலில் சுவரளவு பெரிய ஒரு பிசாசு முகம், நெற்றியில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ராக்கெட்டைச் செலுத்தினால்தான் வெற்றி. உள்ளே ராக்கெட் எதில் போய் வெடிக்கிறது தெரியுமா? கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் தலையில். கழுவில் செருகிய தலை. அதை வைத்தது அவர் இல்லை, கூட வேலை பார்த்தவர்கள் குறும்புக்கு வைத்தார்கள். அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த ரொமேரோ எடுத்துப் போடச் சொல்லவில்லை. 'இந்த ஆட்டத்தை ஜெயிக்க வேண்டுமானால் என்னைக் கொல்ல வேண்டும்' என்று தன் குரலிலேயே பேசி, அதைத் தலைகீழாகத் திருப்பி, பிசாசின் முழக்கமாக ஓடவிட்டார். தன் தலையைக் கழுவில் பார்த்துவிட்டு அதற்குக் குரலும் கொடுக்கிற ஆளைக் கர்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சினிமாவில் இயக்குநர் ஒரு காட்சியில் தலைகாட்டுவதோடு இதை ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றில்லை. திரையில் வந்தவரை நாம் என்ன செய்ய முடியும்? விசில் அடிக்கலாம், திட்டலாம், வெளியே போய் முறுக்கு வாங்கலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது. கேமுக்குள் வந்தவர் கதி அப்படி இல்லை. கட்டுப்பாட்டுக் கருவி நம் கையில். அவரைச் சுடலாம், தள்ளலாம், பேசவிடாமல் நகர்ந்து போகலாம். உள்ளே காலை வைத்த அந்த நிமிடமே ஆடுகிறவன் கையில் அவர் பொம்மை. கர்வம் பிடித்தவன் தன்னை இப்படி ஊரார் கையில் கொடுப்பானா?

"ராஜாவாகவே வந்த ஆள் உண்டே!" என்றார் அக்கா. உண்டு. ரிச்சர்ட் கேரியட். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் பிரிட்டிஷ். 'அல்டிமா' கேம்களில் அவரே லார்ட் பிரிட்டிஷ் என்ற மன்னர். மகுடம் உண்டு, கோட்டை உண்டு. அக்காவுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அக்கா பாதிக் கதையோடு உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

1997 ஆகஸ்ட். 'அல்டிமா ஆன்லைன்' வெளியாவதற்கு முன் சோதனை ஓட்டம். மன்னர் கோட்டைமேல் வந்து நிற்கிறார், பார்க்கக் கூட்டமாகக் கூட்டம். மன்னருக்குச் சாவு வராதபடி கோடில் ஒரு பாதுகாப்பு உண்டு. அன்றைக்கு சர்வர் ஒரு முறை விழுந்து எழுந்ததில் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது, அதைத் திரும்பப் போட மறந்துவிட்டார். கூட்டத்தில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர், திருடிய நெருப்பு மந்திரச் சுருள் ஒன்றை மன்னர் காலடியில் வீசினார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நின்ற மன்னர், தான் படைத்த ஊரில், தன் குடிமக்கள் பார்க்கச் செத்து விழுந்தார். கேமைச் செய்தவர் அவர். கொன்றவர் வெறும் பிளேயர். அந்த நொடியில் அந்த உலகம் இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்தியது.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நீங்கள் கர்வத்தோடு உள்ளே போனாலும் கேம் அதை வைத்திருக்க விடாது. அதே 'அல்டிமா' வரிசையின் ஏழாவது கேமில், சரியாக நண்பகலில் வாசல்மேல் இருக்கும் பலகை விழுந்தால் மன்னர் காலி. அவரிடம் சம்பளம் வாங்கியவர்களே இப்படி ஒரு வழியை வைத்திருந்தார்கள் என்றால் பாருங்களேன்.

சிலர் உள்ளே வந்ததற்குக் காரணம் கர்வமும் இல்லை, கைரேகையும் இல்லை, கையில் காசு இல்லை. பின்லாந்தில் 'மேக்ஸ் பெய்ன்' செய்தபோது நடிகரை வைக்கப் பணம் போதாமல் கதை எழுதிய சாம் லேக்கின் முகத்தையே நாயகனுக்கு மாட்டினார்கள். வில்லிக்கு அவருடைய அம்மா! 2003இல் இரண்டாம் பாகத்துக்குப் பணம் வந்தது, நடிகர் வந்தார், இவர் முகத்தை எடுத்துவிட்டார்கள். (2023இல் இன்னொரு கேமில் அதே முகம் திரும்ப வந்தது. அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இதை நானே ஒத்துக்கொள்கிறேன், அக்கா குறித்துக்கொள்ள வேண்டாம்.) 1997இன் 'கோல்டன்ஐ'யில் நீங்கள் சுட்டுத் தள்ளுகிற காவலாளிகளின் முகங்கள் பலவும் அந்த கேமைச் செய்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுடையவைதான். சுடப்படுவதற்கென்று முகத்தைக் கொடுத்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும், எதிரணியிடம் ஒன்று வலுவாக இருந்தது. 'மெட்டல் கியர்' கேமைச் செய்த ஹிடியோ கோஜிமாவின் பெயர் அதில் ஒவ்வொரு மிஷனுக்கும் வந்து நிற்கிறது என்றார்கள். அது கொஞ்சம் அதிகம்தான், எனக்கும் சலிப்பாக இருந்தது. ஆனால் அங்கே உறுத்துவது பெயர்ப்பட்டியல். அவரே பாத்திரமாக வரும்போது எப்படி வருகிறார்? ஒரு கேமில் நாம் படையில் சேர்த்துக்கொள்ளும் சிப்பாயாக, இன்னொன்றில் நாம் போய் மீட்க வேண்டிய ஆளாக.

உண்மையான கர்வம் எங்கே இருக்கிறது என்று நான் காட்டட்டுமா? 1993இல் 'என்பிஏ ஜாம்' என்ற கூடைப்பந்து கேம். செய்தவர் மார்க் டர்மெல். ரகசியக் குறியீடு போட்டால் அவரையே ஆட்டக்காரராக இறக்கலாம். அது ஒரு தமாஷ், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவர் டெட்ராய்ட் அணியின் ரசிகர். சிகாகோ அணி டெட்ராய்ட்டோடு மோதி, ஆட்டம் இழுபறியாகி, சிகாகோ கடைசி நொடியில் பந்தை எறிந்தால் அது தவறும்படி கோடில் எழுதிவைத்தார். பின்னால் அவரே சொன்னது இது. நாணயம் போட்டு ஆடிய பையன் தன் கை பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். முகத்தோடு உள்ளே வந்த டர்மெல்லை அவன் தோற்கடிக்கலாம். விதிக்குள் ஒளிந்துகொண்ட டர்மெல்லை அவன் பார்க்கக்கூட முடியாது. எதிரணியினர் திட்ட வேண்டியது அந்த இரண்டாவது ஆளை. இவர்களோ பாவம், தொப்பி மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்கும் முதல் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு வீட்டுக் கதை, முடித்துவிடுகிறேன்.

என் அக்கா மகன் கல்லூரியில் படித்துக்கொண்டே செல்போனுக்கு ஒரு கேம் செய்கிறான். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் வரை ஷேர் ஆட்டோ ஓட்ட வேண்டும். வழியில் ஆளை ஏற்று, இறக்கு, சில்லறை கொடு. நாம்தான் டிரைவர். பயணிகளில் ஒருவன் மட்டும் தொல்லை பிடித்தவன். ஏறும்போதே ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவான், இடத்தைச் சொல்ல மாட்டான், காதில் ஹெட்போன். யாரடா இது என்று கேட்டால் சிரிக்கிறான். அவன்தான். அதே சுருட்டை முடி, அதே கிழிந்த பை.

முதலில் தன்னை மட்டும் பாதிவழியில் இறக்கிவிட முடியாதபடி வைத்திருந்தான். ஆடிப் பார்த்த அவன் அம்மாவுக்கு வந்ததே கோபம். "எல்லாரையும் இறக்க முடியுது, இவன் மட்டும் என்ன கலெக்டரா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவன் மறுநாள் உட்கார்ந்து அதை மாற்றினான்.

இப்போது அவன் சரியான சில்லறையை நீட்டினாலும் அவள் கேட்பதில்லை. கோரிப்பாளையம் சிக்னல் வந்ததும் இறக்கிவிட்டுவிடுகிறாள். நன்றி, வணக்கம்.