ஓடிப்போன பிறகு யாரைக் கேட்பது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சிறைக் காவல் அரசின் கையில் இருக்க வேண்டுமா, தனியார் கையிலா என்பது தலைப்பு. அரசின் கையில்தான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறையை எடுத்துக் காட்டினார். 2015 ஜூனில் இரண்டு கொலைக் கைதிகள் அறைச் சுவரை அறுத்து, நீராவிக் குழாய்க்குள் புகுந்து, தெருவிலிருந்த மேன்ஹோல் வழியாக வெளியேறினார்கள். அது அரசுச் சிறைதான். ரம்பத் தகடு கடத்திக் கொடுத்தவரும் அங்கே வேலை பார்த்தவர்தான். ஒப்புக்கொள்கிறோம். அரசுச் சிறையிலிருந்து யாரும் தப்புவதில்லை என்று எங்கள் அணியில் ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் நடந்ததை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். தகடு கொடுத்தவர் சிறைக்குப் போனார். கண்காணிப்பாளர் உள்ளிட்ட அதிகாரிகள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். விசாரணை அறிக்கை, எங்கெங்கே கோட்டை விட்டார்கள் என்று மக்கள் முன் வைத்தது.

சரி, இப்போது அரிசோனாவின் கிங்மேன் சிறைக்கு வாருங்கள். மாநிலத்துக்காக அதை நடத்தியது மேனேஜ்மென்ட் அண்ட் டிரெய்னிங் கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனம். 2010 ஜூலை 30 அன்று, வெளியிலிருந்து ஒரு பெண் வேலிக்கு மேலே கம்பி வெட்டும் கருவியை எறிய, மூன்று பேர் வேலியை வெட்டிக்கொண்டு போனார்கள். பிறகு மாநில அதிகாரிகள் போய்ப் பார்த்தால், வேலியின் அலாரம் 16 மணி நேரத்தில் 89 முறை பொய்யாக அடித்திருக்கிறது. அடித்து அடித்துப் பழகிப்போய், காவலர்கள் அதைக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டார்கள். அவர்களில் பலர் தொழில் பழகாத புது ஆட்கள்.

தப்பியவர்களில் இருவரும் அந்தப் பெண்ணும் சேர்ந்து, நியூ மெக்சிகோவில் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்த வயதான கணவன் மனைவியைக் கொன்றார்கள். உடல்களை வண்டியோடு எரித்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

இனிதான் எனக்கு நெஞ்சு கொதிக்கும் இடம் வருகிறது, நடுவர் அவர்களே. குறைகளைச் சரிசெய்யும் வரை புதுக் கைதிகளை அனுப்ப மாட்டோம் என்றது மாநிலம். ஆபத்தான 238 பேரை வேறு சிறைகளுக்கு மாற்றியது. நியாயம்தானே? ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: 97 சதவீத இடத்துக்கு எப்போதும் பணம் தர வேண்டும். காலி இடத்துக்கும் சேர்த்துத்தான். நிறுவனம் அந்த வரியைக் காட்டி நஷ்டஈடு கேட்டது. மாநிலம் 30 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. காவல் தவறி இரண்டு உயிர் போன பிறகு, காவலுக்கு இருந்தவருக்கு மக்கள் வரிப்பணம்! கிளின்டனில் தவறு செய்த தரப்பு இப்படிப் பணம் கேட்க முடியுமா?

செலவு மிச்சம் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். சிறை நடத்தும் செலவில் பெரும்பங்கு ஆட்களின் சம்பளம். லாபம் எடுக்க வேண்டியவர் முதலில் கைவைப்பது அதில்தான். ஆள் குறையும், இருப்பவர் நிலைக்க மாட்டார். அப்போது அலாரம் அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பது யார்?

சட்டமும் தடுமாறியிருக்கிறது. 1996-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்துத் தனியார் காவல் மையத்திலிருந்து ஓரிகன் மாநிலத்துக் கைதிகள் இருவர் தப்பினார்கள். பிடித்த பிறகு, தப்பியோடிய குற்றத்துக்கு வழக்குப் போட முடியவில்லை. காரணம், அன்றைய டெக்சாஸ் சட்டப்படி அரசுக் காவலிலிருந்து ஓடினால்தான் அது குற்றம். இவ்வளவுக்கும், ஓரிகன் கைதிகள் அங்கே இருந்ததே டெக்சாஸ் அதிகாரிகளுக்குத் தெரியாது.

ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமே என்பார்கள். கிங்மேனில் செய்தார்கள், 2015-இல், அங்கே பெரும் கலவரம் வெடித்த பிறகு. தப்பித்தல் நடந்து ஐந்து ஆண்டுகள் கழித்து! அப்போதும் அந்தச் சிறை அரசிடம் வரவில்லை; இன்னொரு தனியார் நிறுவனத்திடம் போனது.

அந்த 30 லட்சம் டாலரை நியாயப்படுத்த முடியுமா என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவரைக் கேட்கிறேன். அவர் சொல்லும் பதிலை வைத்தே நடுவர் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி.