நெகாமான்னா ஆறுதல்னு அர்த்தம்

வணக்கங்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ப்ரேஸ் பாயூன்னு ஒரு ஓடை, அதோட கரையில உக்காந்துதான் பேசுறேன். இன்னைக்கு எவ்ளோ சாதுவா ஓடுது பாருங்க. 2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ இதே ஓடை கரை தாண்டி வீட்டுக்குள்ள புகுந்துச்சு. இந்த மேயர்லேண்ட் பகுதி 2015, 2016, 2017ன்னு மூணு வருஷமும் தண்ணில நின்னுச்சு. யூதக் குடும்பங்க நிறைய பேர் காலங்காலமா வாழ்ற இடம் இது. அவங்களோட ஒரு பெரிய ஜெப ஆலயத்தை அந்த வெள்ளத்துக்கு அப்புறம் இடிக்கவே வேண்டியதாப் போச்சு.

அந்த சமயத்துல, பேரழிவு வந்த இடத்துல வீடுகளைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிற நெகாமாங்கிற தொண்டு அமைப்போட சில நாள் வேலைக்குப் போனேன். எபிரேய மொழில நெகாமான்னா ஆறுதல். 1990கள்ல மினசோட்டாவுல யூதர்கள் ஆரம்பிச்சது. வேலைக்கு வர்றவங்க என்ன மதம்னும் கேக்க மாட்டாங்க, வீட்டுக்காரங்க என்ன மதம்னும் கேக்க மாட்டாங்க.

வேலை என்னன்னு சொல்றேன். நம்ம ஊர் மாதிரி இங்க வீட்டுக்கு உள்பக்கம் பெரும்பாலும் செங்கல் சுவர் கிடையாது. மரச்சட்டம் அடிச்சு, ஜிப்சம் பலகை வெச்சு, நடுவுல பஞ்சு அடைச்சிருப்பாங்க. வெள்ளம் பட்டா பலகை அப்படியே ஊறிடும், ரெண்டே நாள்ல பூஞ்சை புடிச்சிடும். தண்ணி நின்ன கோட்டுக்கு மேல வரைக்கும் அறுத்து எடுக்கணும், ஈரப் பஞ்சை அள்ளணும், ஆணியை ஒண்ணொண்ணா புடுங்கணும். மெத்தை, கல்யாண ஆல்பம், புள்ளைங்க வரைஞ்ச படம், எல்லாம் தெருவோரத்துல குவியும். அதைத் தூக்கிட்டுப் போறப்போ வீட்டுக்காரங்க முகத்தை என்னால பாக்க முடியல.

ஒரு வீட்டுல வயசான ஒருத்தர். மதியம் சாப்பிட உக்காந்தப்போ எங்க டீ ஷர்ட்ல இருந்த எழுத்தைப் படிச்சாரு. யூதர்களோட உக்காந்து சாப்பிடுறது இதுதான் முதல் தடவைன்னு மெதுவாச் சொன்னாரு. சின்ன வயசுல இருந்து அவங்களைப் பத்திக் காதுல விழுந்ததெல்லாம் வேறன்னாரு. சாப்பிட்டு எழுந்ததும் கடப்பாரையை எடுத்துட்டு எங்க கூடவே சேர்ந்துட்டாரு. கார்டன் ஆல்போர்ட்ங்கிற உளவியலாளர் 1954லயே இதைப் பத்தி எழுதியிருக்காரு. சும்மா பாத்துக்கிட்டா போதாது, சமமா நின்னு ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும்போது தப்பெண்ணம் குறையும்னு.

எனக்கு இது ஏன் இவ்வளவு பெருசாத் தெரியுதுன்னா, பேரழிவு வந்தாலே யூதர்கள் மேல பழி போடுறது ரொம்பப் பழைய வழக்கம். 1348, 49ல ஐரோப்பாவுல கொள்ளைநோய் பரவினப்போ, கிணத்துல விஷம் கலந்தது இவங்கதான்னு கிளப்பி விட்டாங்க. ஸ்ட்ராஸ்பர்க்ல 1349 பிப்ரவரி 14 அன்னைக்கு, நோய் அந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே, நூத்துக்கணக்கான யூதர்களை எரிச்சுக் கொன்னாங்க. அப்படி ஒரு வரலாறு இருக்கிற மக்கள், தங்க பேரை நெஞ்சுல போட்டுக்கிட்டு அடுத்தவங்க வீட்டுச் சேத்துல இறங்கி நிக்கிறாங்க.

ஆனா இதை மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. உதவி செஞ்சா வெறுப்பு போயிடும்னு நான் சொல்லல. 2018 அக்டோபர் 27, பிட்ஸ்பர்க், ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயம். ஒருத்தன் அங்க 11 பேரைச் சுட்டுக் கொன்னான். அகதிகளுக்கு உதவுற ஹயஸ்ங்கிற யூத அமைப்பு மேலதான் அவனுக்கு ஆத்திரம். அந்த அமைப்பு நூறு வருஷத்துக்கு மேலா வேலை செய்யுது. உதவினதே குத்தமாயிடுச்சு. காயம்பட்ட அவனை ஆஸ்பத்திரில பாத்துக்கிட்டவங்கள்ல யூதர்களும் இருந்தாங்க. அதனால, நீங்க நல்லவங்கன்னு நிரூபிங்கன்னு அவங்ககிட்ட கேக்க யாருக்கும் உரிமை இல்ல. மாற வேண்டியது வெறுக்கிறவங்கதான். நான் பாத்த பெரியவர் மாறினது அவரோட பெருந்தன்மை.

உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி வெள்ள உதவி அமைப்பு ஏதாவது வந்தா, ஒரு நாளாவது போயிட்டு வாங்க. தடிச்ச கையுறை, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், நல்ல முகக்கவசம் எடுத்துக்கோங்க. டெட்டனஸ் ஊசி போட்டு ரொம்ப வருஷம் ஆச்சுன்னா மறுபடி போட்டுட்டுப் போங்க. ஆணி நிறைய இருக்கும்.